கண்ணாடிக்குள் ஒரு பூச்செண்டு



சென்ற வாரம் வந்த கடிதங்களுள் ஒன்று மற்றவற்றையெல்லாம் ஒருபுறம் ஒதுக்கிவைக்கச் செய்துவிட்டது. வடமராட்சியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய ஒரே மகளுக்குக் கனடாவிலே ரொறன்ரோ நகரில் ஈராண்டுகளுக்கு முன் திருமணம் நிறைவேறிற்று. தாயார் விண்ணப்பித்தும் பிரயாண அநுமதி கிடைக்கவில்லை. தாலி கட்டியதைக் கைத்தொலைபேசியின் சிறு திரையிலேதான் கண்டாராம். இவ்வாண்டு ஊருக்கு வந்த மகள், அன்று தான் கையில் ஏந்திய பூச்செண்டைக் கண்ணாடிக் கூண்டொன்றினுள் வைத்துக் கொணர்ந்து தாயிடம் கொடுத்திருக்கிறாள். சிவப்பு ரோசாக்கள், வெண்ணிறக் கார்னேஷன்கள், கூந்தலிற் சூடிய மல்லிகைச் சரத்தில் ஒரு சாண். நேற்றுப் பறித்தவைபோல் இருந்தன என்கிறார் தாயார்.

மகள் திரும்பிச் சென்றபின், ஒருநாள் மாலை அவர் கூண்டின் அடித்தட்டைக் கழற்றிப் பூக்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பின்பு கணவருடைய படத்தின் முன் இரண்டு நாள் திறந்தே வைத்திருக்கிறார். மூன்றாம் நாட் காலையில் ஒரு ரோசாவின் வெளியிதழ்கள் ஈரத்துணிபோல் துவண்டு தொங்கின. நடுங்கிப்போய் மூடிவிட்டு எனக்கு எழுதியிருக்கிறார். இவை இதுகாறும் வாடாதிருந்தது எவ்வாறு? இப்போது துவள்வது ஏன்? மல்லிகை மட்டும் பழுப்பேறியிருப்பது அபசகுனமா? வாடிய பூவை வீட்டில் வைத்திருத்தல் ஆகாது என்று மைத்துனியார் சொல்வது மெய்தானா?

முதற் கேள்விக்கு விடை நம் சாமியறையிலேயே இருக்கின்றது. கற்பூரத்தைத் திறந்து வைத்தால் அது உருகாமலே நாளுக்கு நாள் சிறுத்து மறைந்துவிடுகின்றதன்றோ? அதற்கஞ்சித்தானே நம் பாட்டிமார் டப்பாவில் நாலு மிளகைப் போட்டு இறுக மூடிவைத்தார்கள். (மிளகுக்கு அந்த வலிமை உண்டோ இல்லையோ, இறுக மூடியதற்கு உண்டு.) திண்மமொன்று நீராகாமல் நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்பர். பனிக்கட்டியையும் இவ்வாறு செய்விக்கலாம். ஆனால் அது விரைவாய் நிகழக் காற்றின் பாரத்தை அகற்றவேண்டும். நம்மைச் சூழ்ந்துள்ள காற்று 760 மில்லிமீற்றர் உயர இரசத்தைத் தாங்குகின்றது. அந்த அமுக்கத்தை 4.58 மில்லிமீற்றருக்கும் கீழே, அதாவது ஒரு மிளகின் பருமனளவுக்குக் குறைத்துவிட்டால், பனிக்கட்டிக்கு நீராகும் வழி அடைபட்டுப் போகின்றது. எஞ்சியது ஆவியாகும் வழி ஒன்றே.

பூவை உலர்த்துவோர் செய்வது இதுதான். பறித்த மலர்களை முதலில் கடுங்குளிரில் உறையச் செய்வார்கள். அப்பால் அவற்றை உருக்கு அறையொன்றில் இட்டுப் பூட்டி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பியால் இழுத்துவிடுவார்கள். பூவிலுள்ள பனி ஆவியாகி வெளியேற, அதனிலும் குளிர்ந்த குழாயொன்றின்மீது அது வெண்பனியாய்ப் படிந்துகொள்ளும். அறையின் வெப்பத்தைச் சிறிது சிறிதாகவே உயர்த்துவார்கள். அவசரம் கூடாது. பனி உருகி நீராகிவிட்டால் உழைப்பெல்லாம் வீண். அடுக்கிதழ் ரோசாவொன்று நன்றாய் உலர இரண்டு கிழமைகளும் செல்லும், அதற்கு மேலும் செல்லும்.

வெயிலில் உலர்ந்த பூ ஏன் சுருங்குகின்றது? இதழின் நிறையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நீரே. அந்நீர் திரவமாகவே வெளியேறுகையில், கலங்களின் மெல்லிய சுவர்களைத் தன்னோடு உள்ளிழுத்துக்கொண்டு போகின்றது. உறைந்த பூவிலோ சுவர்கள் பனியால் தாங்கப்பட்டு அசையாது நிற்கின்றன. பனி சொல்லாமற் கொள்ளாமல் எழுந்து போய்விட, வீடு நின்றபடியே நிற்கின்றது. ஒன்றுமட்டும் தங்குவதில்லை. பூவின் மணம் நீரோடு சேர்ந்து போய்விடும்.

இதைப் பணக்காரர் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். தென்னமெரிக்காவில் அந்தீசு மலைவாசிகள் இரவுப் பனியில் உருளைக்கிழங்கை உறையவிட்டு, காலால் மிதித்து நீரகற்றி, பகல் வெயிலில் உலர்த்திப் பன்னெடுங்காலமாய்ச் சேமித்து வந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் காயமுற்றோருக்கு ஏற்றிய குருதித் திரவமும் இவ்வாறு உலர்த்தப்பட்டதே. பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசி போடும்போது, தாதி ஒரு சிறு குப்பியிலுள்ள தூளில் திரவத்தை விட்டுக் கலக்குவதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் இம்முறையால் வந்த தூளே.

இனி, துவண்ட ரோசா. நீரை இழந்த இதழ், உப்பைப்போல் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். குளிர்காலத்தில் வெப்பமூட்டிய கனடா வீட்டுக் காற்று மிக வறண்டது. அங்கே கூண்டு ஓரளவு அலங்காரந்தான். நம் நாட்டிலோ அதுவே பூவின் உயிர். ஆகவே அம்மா, மாரி தொடங்குமுன் இதைச் செய்யுங்கள். ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் என்னும் மணிகளை வாங்குங்கள். செம்மஞ்சளாயிருந்து ஈரம் ஏறப் பச்சையாகும் இனம் நல்லது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் இனத்தில் கோபால்ற்று என்னும் நஞ்சு உண்டு. ஒரு கைப்பிடியை மெல்லிய துணியில் முடிந்து அடித்தட்டில் மறைவாக வையுங்கள். வெயிலெறிக்கும் ஒரு நண்பகலில் கூண்டை மூடி, வெளி விளிம்பைச் சுற்றி, மீன்தொட்டி செய்வோர் பூசும் சிலிக்கோன் பசையைத் தடவிவிடுங்கள். நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒளி பட்டால் நிறம் வெளுக்கும். துவண்ட இதழ்கள் முன்போல் நிமிருமென்று நான் வாக்களிக்கமாட்டேன். மற்றவை தப்பும்.

மல்லிகையைப் பற்றிக் கலங்கவேண்டாம். வெட்டிய கத்தரிக்காயின் முகம் கறுப்பதில்லையா? அதுபோலவே, மெல்லிய வெள்ளிதழ் சற்றுக் கசங்கினாலும் பழுப்பேறும். மணப்பெண்ணின் கூந்தலில் நாள் முழுதும் இருந்த சரம் உறைவதற்கு முன்பே கசங்கியிருக்கும். தன் மகள் அன்று யார் யாரைக் கட்டித் தழுவினாள் என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டுமே.

மைத்துனியார் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. சுவாமிக்குச் சாத்திய பூ வாடியதும் நிர்மாலியமாய் அகற்றப்படவேண்டியதே. ஆனால் அது பூசையின் விதி. பூச்செண்டைச் சாமியறையில் வையாது கூடத்தில் வைத்தால் விதியும் பிழைக்கும், பூவும் பிழைக்கும். ஒல்லாந்தர் காலத்தில், 1672ஆம் ஆண்டு, இலங்கைக்கு மருத்துவராய் வந்த பவுல் ஹேர்மன் என்பவர் இந்நாட்டுச் செடிகொடிகளைப் பூவும் இலையுமாய் அழுத்தி உலர்த்திச் சேர்த்தார். அவற்றைக் கொண்டே லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். அத்தொகுதிகள் இன்றும் இலண்டன் நூதனசாலையிலே பேணப்படுகின்றன. உலர்ந்த பூ யாருக்கும் கேடு செய்ததாக அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டில் இவ்வாறு செய்யலாமா என்று வேறு சகோதரிகள் கேட்பீர்கள். குளிர்சாதனப் பெட்டியால் ஆகாது. காற்றகற்றும் பொறியின்றி இது கைகூடாது. மேற்சொன்ன சிலிக்கா மணிகளுள் மிக நுண்ணியதை வாங்கி, தகரப் பெட்டியில் ரோசாவை நிமிர்த்தி வைத்து, இதழிடையெல்லாம் மெல்ல நிரப்பி ஒரு கிழமை மூடிவைத்தால் ஏறக்குறைய அதே பயன் கிட்டும். மணிகளைப் போறணையில் சூடாக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். மல்லிகைக்கு இது சரிவராது. நான் பட்டறிந்து சொல்கிறேன்.

அம்மா, கடிதத்தின் இறுதியில் நீங்கள் ஒருவரி எழுதியிருந்தீர்கள்: தொட்டுப் பார்க்காமல் எப்படி இருப்பது என்று. துவண்ட அந்த ஒரு ரோசாவைக் கூண்டுக்குள் திரும்ப வைக்காதீர்கள். அது உங்கள் கைக்கு. அலுமாரியில் சேலை மடிப்புக்குள் வைத்து, வேண்டியபோதெல்லாம் எடுத்துப் பாருங்கள். வருகிற மாரியைத் தாண்டாது உதிர்ந்துவிடும், உதிரட்டும். மற்றவை உங்கள் பேரப்பிள்ளைகள் வரும்வரை கண்ணாடிக்குள் இருக்கும்.