காப்பியும் குவளையும்

மாலை வகுப்பு முடிந்தபின் காப்பிக் கடையிற் கூடுதல் எமது வழக்கம். அன்று எழுந்த வழக்குச் சிக்கரியைப் பற்றியது. கலப்பற்ற பீபரியே சிறந்ததென்றார் ஒரு நண்பர். நூற்றுக்கு 20 பங்கு சிக்கரி சேராவிடில் டிகாக்‌ஷனுக்கு நிறமும் திண்மையும் ஏது என்றார் மற்றொருவர். 49 பங்கு வரை சட்டமே இடந்தருகின்றது! அது காப்பியன்று, கஷாயமே என்பது எமது துணிபு.

வாதம் முற்றிய வேளையில், அதுகாறும் வாளாவிருந்த நண்பரொருவர் தம் பாட்டனார் பருகிய காப்பியைப் பற்றி மெல்லக் கூறினார். கடைக்கு வெளியே நின்று, தமக்கென ஒதுக்கிய குவளையிற் குடித்து, அதனைத் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாராம். சிக்கரி எவ்வளவு என்று அவர் யாரைக் கேட்பார்?

சாதி காரணமாக எவரையும் உணவுச்சாலையில் தடுத்தலாகாதென 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு விதித்தது. ஆயினும் தனிக்குவளை பல ஊர்களில் அதன் பின்னும் நெடுங்காலம் மறையவில்லை. காப்பியின் தரத்தை ஆராய்வோர் குவளையை முதற்கண் ஆராய்தல் வேண்டும் என்போம். எம் சொந்த ஊர்க் கடையில் எத்தனை வகைக் குவளைகள் உள்ளன என்பதை யாமும் இதுவரை நோக்கியதில்லை. அதனைச் சொல்ல நாணுகின்றோம்.

அன்றைக் காப்பிக்கு அந்நண்பரே காசு கொடுத்தார்.