அடித்தலும் திருத்தலும்

தரப்படுத்தப்பட்ட இந்தி உரைநடையின் வரலாற்றில் இலக்கண நூலாருக்குத் தரும் இடத்தை இதழாசிரியருக்கும் தரவேண்டும். 1900இல் அலகாபாத்தின் இந்தியன் பிரஸ் தொடங்கிய ‘சரஸ்வதி’க்கு 1903இல் மகாவீர் பிரசாத் துவிவேதி ஆசிரியரானார். எழுத்துக்கூட்டு, வேற்றுமை உருபு, தொடரமைப்பு என வந்த படைப்புகளை வரிவரியாகத் திருத்தினார். பிரஜ் மொழியில் வேரூன்றியிருந்த கவிதையைக் கடிபோலிக்குத் திருப்ப ஊக்கமளித்தார்.

மொழிக்கு ஒழுங்கு வாய்த்தது. எழுதியோரின் வட்டார வழக்குகள் பல அச்சேறாமற் போயின. அச்சிதழை மட்டும் தரவாகக் கொள்ளும் ஆய்வு, ஆசிரியரின் மொழியை எழுத்தாளர்களின் மொழியென மயங்கும். துவிவேதி திருத்திய கையெழுத்துப் படிகள் காசி நாகரி பிரச்சாரிணி சபையைச் சென்றடைந்தன. இதழ்த்தொகுதிகளை மின்னுருவாக்கும் நாம், முதலில் அப்படிகளையே மின்னுருவாக்க வேண்டும். அடிக்கப்பட்ட சொல்லும் மொழிச்சான்றே.