பரணில் தூங்கும் வீணைகள்

சென்னையில் 600 சதுர அடி ஃப்ளாட். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு சமையலறை, துணி காயப்போட மட்டுமே உதவும் ஒரு பால்கனி. அதற்குள் பாட்டி காலத்து வீணை ஒன்று, மிருதங்கம் இரண்டு, வயலின் ஒன்று, பையனுக்கு வாங்கிய கீபோர்ட், கல்லூரிக்குப் போகும் பெண் ஆசைப்பட்டு வாங்கிய கிடார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. குடியிருந்து பார்த்தால்தான் தெரியும்! விருந்தாளி வந்தால் வீணை பெட்ரூமுக்குப் போகும். ராத்திரி பாய் விரிக்க வேண்டும் என்றால் மறுபடி ஹாலுக்கு வரும். கடைசியில் ஒரு நாள் யாராவது ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி எல்லாவற்றையும் பரணில் தள்ளிவிடுவார். பிரச்னை தீர்ந்தது என்று வீடே நிம்மதியாகும்.

உண்மையில் பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாத்தியங்கள் ஏன் பெருகுகின்றன என்பதை முதலில் பார்க்கலாம். எல்லாமே பேராசை இல்லை. புல்லாங்குழல் வாசிப்பவருக்கு ஒரு குழல் போதாது. ஒரு மூங்கில் குழலுக்கு ஒரு சுருதிதான். ஒரு கட்டைக்கு ஒன்று, இரண்டு கட்டைக்கு ஒன்று, ஐந்து கட்டைக்கு ஒன்று என்று பை நிறைய வைத்திருக்க வேண்டும். மிருதங்கமும் அப்படித்தான். ஆண் பாடகர்கள் பலர் ஒரு கட்டையை ஒட்டியும், பெண் பாடகிகள் பலர் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுகிறார்கள். ஒரே மிருதங்கத்தை அவ்வளவு தூரம் ஏற்றி இறக்க முடியாது. கச்சேரிக்குப் போகிறவர் தக்கு சுருதிக்கு ஒன்றும் ஹெச்சு சுருதிக்கு ஒன்றுமாவது வைத்திருந்தே ஆக வேண்டும். இது தேவை. யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொரு வகைப் பெருக்கம் இருக்கிறது. மூன்று மாதம் கற்றுக்கொண்டு நிறுத்திய கிடார். பத்தாவது பரீட்சை வந்ததும் மூடிய வயலின் பெட்டி. தள்ளுபடியில் கிடைத்தது என்று வாங்கிய இரண்டாவது கீபோர்ட். சின்ன வீட்டை அடைப்பது பெரும்பாலும் இந்த வகைதான். பன்னிரண்டு குழல்கள் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். யாரும் வாசிக்காத ஒரு வீணைக்கு நாலு அடிக்கு மேல் இடம் வேண்டும்.

சரி, பரணில் வைத்தால் என்ன ஆகிறது?

பரண் கூரைக்கு மிக அருகில் இருக்கிறது. மேல் மாடி வீடு என்றால் மே மாதத்தில் கான்கிரீட் கூரை அடுப்பு மாதிரி கொதிக்கும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் பதிக்கப்பட்டிருக்கின்றன. சூட்டில் மெழுகு இளகினால் மெட்டுகள் அசையும், ஸ்வரஸ்தானம் தப்பும். பிறகு அதைச் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து மறுபடி மேளம் கட்ட வேண்டும். வயலினை ஒட்டியிருப்பது பசை. சூடும் ஈரமும் மாறி மாறித் தாக்கினால் ஓரங்களில் வாய் பிளந்துவிடும். மிருதங்கமோ தோல். வலந்தலையின் கரணையில் சோறு கலந்திருக்கிறது. எலிக்கும் கரப்பானுக்கும் இதைவிட நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? தொப்பியில் அப்பிய ரவையைச் சுரண்டாமலேயே உறை போட்டு ஏற்றிவிட்டால் எறும்புக்குத் தனியாக அழைப்பிதழ் வேண்டாம் :-) கீபோர்டுக்குள்ளும் சுருதிப் பெட்டிக்குள்ளும் மறந்துவிட்ட பேட்டரி கசிந்து உள்ளே இருக்கும் தகடுகளை அரித்துவிடும்.

அப்படியானால் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா? காற்று போகாது, பூசணம் பிடிக்கும். தரையிலேயே வைக்கலாமா? தரைத்தள வீடுகளில் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் ஈரம் ஊறும். மேற்குப் பார்த்த சுவரில் சாயங்கால வெயில் ஏறும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் மரத்துக்கு ஆகாது.

மிஞ்சுவது என்ன? உள்பக்கச் சுவர். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் இருக்கும் சுவர் பெரும்பாலும் வெயிலும் மழையும் படாதது. அதில் உறுதியான கொக்கி அடித்துக் கிடாரை மாட்டலாம். வயலினைப் பெட்டியோடு இடுப்பு உயரப் பலகையில் வைக்கலாம், வில்லின் முறுக்கைத் தளர்த்திவிட்டு. மிருதங்கத்துக்கு உறை போட்டு அதே பலகையில் ஒரு மூலை. வீணைக்கு ஜன்னலிலிருந்து தள்ளிய ஒரு மூலையில் தாழ்வான மரப்பலகை, மேலே பருத்தித் துணி. தரைத்தளம் என்றால் அந்தப் பலகையை இன்னும் உயர்த்த வேண்டும். சுரைக்காயைக் கழற்றிவிட்டால் இடம் கொஞ்சம் மிச்சமாகும். இதற்கு இன்டீரியர் டெக்கரேட்டர் எல்லாம் வேண்டாம். ஒரு தச்சரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

ஆனால் ஒரு சின்ன ஃப்ளாட்டில் இப்படிப்பட்ட சுவர் ஒன்றுதான் இருக்கும். அதில் மூன்று, மிஞ்சிப் போனால் நாலு வாத்தியம் நிற்கும். ஐந்தாவதை என்ன செய்வது? இங்கேதான் அலமாரிக் கணக்கை விட்டுவிட்டு வேறு கணக்குப் போட வேண்டும். அந்த வாத்தியத்தைக் கடைசியாக வாசித்தது எப்போது?

வாரத்துக்கு ஒரு முறை கையில் எடுக்கப்படும் வாத்தியத்துக்குப் பெரிய பராமரிப்பு தேவையில்லை. எடுக்கும்போதே தூசி தட்டுகிறார்கள், சுருதி சேர்க்கிறார்கள், வார் தளர்ந்திருப்பதும் மெட்டு அசைவதும் உடனே தெரிந்துவிடுகிறது. பூச்சி கூடு கட்ட நேரம் கிடைப்பதில்லை. வாசிப்பதுதான் மலிவான பாதுகாப்பு. வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுனில் இருந்த தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார், சங்கீதம் தெரிந்தவர்கள் தேடி வந்து கேட்பார்கள் என்பது சென்னையின் இசை வரலாறு. வாசிக்கிற வீட்டில் வாத்தியத்துக்கு இடம் தானாக அமைந்துவிடுகிறது, மற்ற சாமான்கள்தான் ஒதுங்கிக்கொள்கின்றன.

ஆகவே சின்ன வீட்டுக்கு ஒரே ஒரு விதி போதும். அந்த வீட்டில் எத்தனை வாத்தியங்களை ஆட்கள் வாரம் ஒரு முறையாவது தொடுகிறார்களோ, அத்தனைதான் வீட்டில் இருக்கலாம். மற்றவை வெளியே போக வேண்டும்.

"பாட்டி வாசித்த வீணையை எப்படிக் கொடுப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அது வெறும் மரம் இல்லை. அந்தக் குடத்தில் ஒரு ஆளின் முப்பது வருட சாயங்காலங்கள் இருக்கின்றன. ஆனால் பாட்டியின் ஞாபகம் வீணையின் நாதத்தில் இருக்கிறதா, பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் கிடப்பதில் இருக்கிறதா? விற்கச் சொல்லவில்லை. இரவல் கொடுக்கலாமே. பக்கத்துத் தெருப் பாட்டு டீச்சரைக் கேட்டால் போதும். வாத்தியம் வாங்க வழியில்லாமல் வகுப்பில் மட்டும் வாசித்துவிட்டு வீட்டில் வெறும் வாயால் ஸ்வரம் சொல்லிப் பழகும் பிள்ளை ஒன்றை அவர் கட்டாயம் காட்டுவார். ஒரு வருஷத்துக்குக் கொடுப்பது, தந்தி மாற்றுகிற செலவு வாசிக்கிறவருடையது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் மனக்கசப்பும் வராது. உடைந்துவிடுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். பரணில் இருந்தாலும்தான் அது உடைகிறது, யாருக்கும் தெரியாமல்.

"வாசிக்க இல்லை, சேகரிக்கத்தான் வைத்திருக்கிறேன்" என்பவர்களும் உண்டு. அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் சேகரிப்பவருக்கு வேலை அதிகம். பட்டியல் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், குறித்த நாளில் எடுத்துத் துடைக்க வேண்டும். இதற்கெல்லாம் வீடு போதாதபோது விட்டுக்கொடுக்கவும் தெரிய வேண்டும். கொல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூரின் வீடு ஒன்றும் சின்னதில்லை. இருந்தும் அவர் 1876ல் ஏறக்குறைய நூறு இந்திய வாத்தியங்களைப் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு அனுப்பினார். அடுத்த வருடம் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய இசைக்கருவி அருங்காட்சியகத்துக்கு அவையும் அஸ்திவாரமாயின. பரணில் ஏற்றிவிட்டு அதற்குச் சேகரிப்பு என்று பெயர் வைப்பது இதோடு சேராது.

தஞ்சாவூர் வீணைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்த வீணையைச் செய்ய முற்றிய பலா மரம் வேண்டும், அதைக் குடைந்து இழைக்கத் தெரிந்த கை வேண்டும். மரமும் குறைகிறது, கையும் குறைகிறது. ஏற்கெனவே செய்து முடித்த வீணைகள் ஊர் முழுக்கப் பரண்களில் மெழுகு உருகிக் கிடக்க, புதிதாகக் கற்க வருகிற பிள்ளை பல ஆயிரம் ரூபாய்க்கு எங்கே போகும்? குறியீடு வாங்கிக் கொடுத்த பெருமையில் பாதியையாவது இருக்கிற வீணையை இறக்கித் துடைப்பதில் காட்டலாம்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பரணைச் சுத்தம் செய்வது எல்லா வீட்டிலும் வழக்கம். அடுத்த முறை பித்தளை அண்டாவை இறக்கும்போது அதற்குப் பின்னால் இருப்பதையும் இறக்குங்கள். ஒரு தந்தியையாவது மீட்டிப் பாருங்கள். வாசிக்க ஆள் இருந்தால் அது ஹாலில் இருக்கட்டும், அண்டா மறுபடி மேலே போகட்டும். ஆள் இல்லை என்றால் டீச்சருக்கு ஒரு போன்.