நீலக் குளத்தில் நீல உடை வேண்டாம்

கோடை நீச்சல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்தால் கருநீலமும் கறுப்பும் வெளிர்நீலமுமே கண்ணில் படுகின்றன. அழுக்குத் தெரியாது என்று கடைக்காரர் எடுத்துப் போடுவதும் அவற்றைத்தான். சில குளங்களில் கருநீலமே சீருடை. பயிற்றுநர்களும் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கம் இந்தப் பழக்கத்தை ஏற்கவில்லை. தண்ணீருக்குள் போன பிறகும் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற நிறத்தில்தான் பிள்ளைகளின் நீச்சலுடை இருக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

நீச்சல் குளத்தின் ஓடு பெரும்பாலும் வெளிர்நீலம் அல்லது வெள்ளை. அதே நிறத்தில் உடுத்திய பிள்ளை அமிழ்ந்தால் ஓட்டோடு ஓடாகிவிடும். கருநீலம் அசையாத தண்ணீரில் தெரியத்தான் செய்கிறது. ஆனால் இருபது பிள்ளைகள் துள்ளிக் கலக்கும்போது, அடியில் கிடக்கும் கருத்த உருவத்தை நிழல் என்றோ இலைக்குப்பை என்றோ கண் தள்ளிவிடும்.

அமெரிக்காவின் அலைவ் சொல்யூஷன்ஸ் நிறுவனம் பல நிறத் துணிகளைக் குளத்திலும் ஏரியிலும் அமிழ்த்திப் பார்த்தது. ஏரியில் ஒன்றரை அடி ஆழத்திலேயே பல நிறங்கள் காணாமல் போயின. நியான் ஆரஞ்சு, நியான் மஞ்சள், நியான் பச்சை நின்றன. வெளிர்நிறத் தரையுள்ள குளத்தில் நியான் ஆரஞ்சும் நியான் இளஞ்சிவப்பும் நன்றாகத் தெரிந்தன.

சிவப்பு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். ஆழம் கூடக் கூட அது பழுப்பாகிக் கறுத்துவிடும். நியான் சாயம் அப்படியல்ல, கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியையும் உள்வாங்கித் தன் நிறமாகத் திருப்பித் தருகிறது.

கிராமங்களில் நீச்சலுடை என்ற பேச்சே இல்லை. கிணற்றிலும் கண்மாயிலும் பள்ளி டவுசரோடு குதிக்கிறார்கள். பாசித் தண்ணீரில் காக்கி எங்கே தெரியும்? அவர்களைப் புதிதாக வாங்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. தொளதொளக்காத, பளிச்சென்ற ஆரஞ்சு ஜெர்சி பழையது ஒன்று இருந்தால் அதுவே நல்ல உடை.

நிறத்தை நம்பிக் கரையில் கைபேசி பார்க்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதில்லை. அந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடும் என்று உயிர்காப்பாளர் பிராங்க் பியா பதிவு செய்திருக்கிறார். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2021-இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். ஏறத்தாழ கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். சின்னப் பிள்ளை எந்த நிறம் உடுத்தினாலும் பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அந்தக் கண் ஒரு கணம் தவறினால், தேடும் நேரத்தைக் குறைப்பதுதான் நிறத்தின் வேலை.

குளம் நடத்துவோர் கருநீலச் சீருடையைக் கைவிட வேண்டும். கடைக்காரர்கள் சிறுவர் அளவுகளில் நியான் நிறங்களை வரவழைத்து வைக்க வேண்டும். பெற்றோர் வாங்கிய உடையை நனைத்து, பிள்ளை குளிக்கும் அதே தண்ணீரில் ஒரு முழம் அமிழ்த்தி, மேலே அலையெழுப்பிப் பார்க்கட்டும். குளோரினிலும் வெயிலிலும் நியான் வெளுக்கும் என்பதால் கோடைதோறும் இதைச் செய்ய வேண்டும்.

வரும் கோடையிலிருந்து எங்கள் வகுப்புகளில் நீலம், வெள்ளை, சாம்பல், கறுப்பு உடைகளுக்கு அனுமதியில்லை. வேறு உடை வாங்க முடியாத பிள்ளைக்கு ஆரஞ்சு ஜெர்சியும் தொப்பியும் சங்கமே தரும்.