முகாமை நிறுத்த வேண்டாம், முறையா நடத்துவோம்

 

போன ஞாயிறு அன்னதானத்தப்ப, சமய வகுப்புப் பிள்ளைகளோட காட்டு முகாமை ரத்து பண்ணிடலாம்னு பேச்சு வந்தது. "பத்தாங்காலி மறந்து போச்சா? பிள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. தொண்டர்கள் சார்பில் பதில் சொல்றது எங்க கடமை.

பத்தாங்காலியை நாங்க மறக்கல. 16.12.2022 விடியறதுக்கு முன்னாடி, கூடாரத்துல தூங்கிக்கிட்டு இருந்தவங்க மேல மண் சரிஞ்சது. 31 உயிர் போச்சு, பிள்ளைகளும் அதில் அடக்கம். அங்கே முகாம் நடத்த லைசென்ஸே இல்லைன்னு பிறகுதான் வெளியே தெரிஞ்சது. காட்டுக்கே போகக்கூடாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. அனுமதி இருக்கா, மேல சரிவு எப்படின்னு கேட்காம போகக்கூடாது.

எங்க தப்பையும் ஒத்துக்கிறோம். போன தடவை உலு லங்காட் பக்கம் ஆத்தங்கரையை ஒட்டியே கூடாரம் போட்டோம். எங்க தலைக்கு மேல நல்ல வெயில், மேல மலையில மழை. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி தேத்தண்ணி நிறமாச்சு, இலையும் சுள்ளியும் மிதந்து வந்துச்சு. பக்கத்துல இருந்த மலாய்க்காரப் பெரியவர் "கெப்பாலா ஆயர்!"னு கத்தின பிறகுதான் எங்களுக்கு உறைச்சது. பிள்ளைகளை இழுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடினோம். ரெண்டு கூடாரம் தண்ணியோட போச்சு. எண்ணிப் பார்த்தா 22 பேர்ல ஒரு பையன் இல்ல. கழிவறைக்குப் போனவன் அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்தான். அந்த அஞ்சு நிமிஷம் முருகான்னு கூப்பிடக்கூட எங்களுக்கு வாய் வரல. இதைப் பெற்றோரிடம் சொல்லாம மறைச்சது எங்க தப்பு. மன்னிக்கணும்.

ஃபேக்டரியில ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆள் எண்ணி, பாதுகாப்பு சொல்லிட்டுத்தான் மெஷினை ஓட விடுறோம். கோயில் பிள்ளைகளுக்கு அதைச் செய்யல.

இனிமேல் இப்படித்தான்:

1. சுங்கை சொங்காக், சுங்கை தெக்காலா மாதிரி வனத்துறை இடங்கள் மட்டும், முறையான அனுமதியோட.

2. மழைக் காலத்துல போக மாட்டோம். கூடாரம் ஆத்தை விட்டுத் தள்ளி மேட்டுல, ஆனா சரிவுக்குக் கீழே இல்ல.

3. மணிக்கு ஒரு தடவை தலை எண்ணணும். தண்ணி கலங்கினா உடனே கரையேறணும், சாமான் போனா போகட்டும்.

4. குப்பை மொத்தமும் திரும்ப வரணும். பூசை பண்ணின மாலை, எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் பை எல்லாமும்தான். கங்கைன்னு கும்பிட்டுட்டு அதிலேயே பையைப் போடுறது பக்தியா?

ஏன் இவ்வளவு பாடு? நம்ம தாத்தா பாட்டி தோட்டத்துல, ஆத்துல குளிச்சு வளர்ந்தவங்க. பிள்ளைகள் அடுக்குமாடி வீட்ல கைப்பேசியோட வளருது. குறிஞ்சிக்குத் தெய்வம் முருகன்னு வகுப்புல ஒப்பிக்கிறாங்க, மலையை மிதிச்சதில்ல. முகாம்ல விடியக்காலை ஊற்றுத் தண்ணியில முகம் கழுவி, திருநீறு பூசி, பனிக்குள்ள நின்னு அவங்க தேவாரம் பாடினதை நாங்க கேட்டோம். கோயில் மண்டபத்துல ஒருநாளும் அப்படிப் பாடினதில்ல.

வர்ற ஞாயிறு பூசை முடிஞ்சதும் கூட்டம். பெற்றோர்கள் அவசியம் வாங்க. திட்ட வேண்டியதை நேர்ல திட்டுங்க, கேட்டுக்கிறோம். பிள்ளைகளுக்குக் காட்டை மட்டும் மூடிடாதீங்க.