இலவச அறிவுக்கு யார் காசு கொடுப்பது?

மாணவர்களே, இடுபணிக்காகவோ தேர்வுக்காகவோ கடந்த வாரம் இணையத்தில் எதையாவது தேடியிருப்பீர்கள். ‘ஒளிச்சேர்க்கை’ என்றோ ‘கருந்துளை’ என்றோ தட்டியவுடன் விக்கிப்பீடியா பக்கம் ஒன்று வந்திருக்கும். விளம்பரம் இல்லை. கட்டணம் இல்லை. பதிவு செய்தால்தான் படிக்கலாம் என்ற தடையும் இல்லை. படித்தீர்கள், குறிப்பெடுத்தீர்கள், மூடிவிட்டீர்கள். அந்தப் பக்கம் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த செலவை யார் கொடுத்தார் என்று யோசித்ததுண்டா?

அது உங்களுக்கு இலவசம், அவ்வளவுதான். கட்டுரைகளை எழுதியவர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள் என்றாலும், அவற்றைச் சேமித்து வைத்திருக்கும் கணினிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். சூடேறாமல் குளிரூட்ட வேண்டும். பழுது பார்க்கப் பொறியாளர்கள் வேண்டும். இந்தச் செலவை 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விக்கிமீடியா அறக்கட்டளை ஏற்கிறது. அதன் வருமானத்தில் பெரும்பகுதி வாசகர்கள் விரும்பித் தரும் சிறு நன்கொடைகள். சிலர் மாதச் சந்தா போலவே தருகிறார்கள்.

ஆனால், வாசகர்களில் ஏறக்குறைய 2 விழுக்காட்டினர் மட்டுமே காசு தருவதாக அந்த அறக்கட்டளையே தன் வேண்டுகோள்களில் சொல்லி வந்திருக்கிறது. ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் பந்திக்கு ஒருவர் மட்டும் அரிசி வாங்கித் தருவது போன்றது இது.

எல்லாரும் பயன்படுத்தும் ஒரு பொதுச் சொத்தை, பயன்படுத்துபவர்களே சிறு சிறு தொகையாகத் தாங்க வேண்டும். யாரும் வற்புறுத்தாமல், ஆனால் விடாமல் தாங்க வேண்டும். இதுவே என் கருத்து. மாணவர்களாகிய நீங்களும் இதில் விதிவிலக்கல்ல.

நமக்கு ஏன் இது முக்கியம்?

உங்களில் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை அறிவியலைத் தமிழில் படித்தவர்கள். இடைநிலைப்பள்ளியில் கால் வைத்ததும் அறிவியல் மலாய்மொழிக்கோ ஆங்கிலத்துக்கோ மாறிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், மரபணுவையும் மின்காந்த அலையையும் தமிழில் விளக்கும் பாடநூல் அதன்பிறகு உங்கள் பைக்குள் இல்லை. அந்த வேலையை இன்று பெரும்பாலும் இணையத்தில் கூடியிருக்கும் தன்னார்வலர்கள்தாம் செய்கிறார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்க காலத்தில் அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர். இன்று அதில் 150,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

இன்னொரு முயற்சியையும் அறிந்துகொள்ளுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும் என்பதை அந்த நெருப்பு காட்டியது. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்ற இணைய நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடிப் பாதுகாத்து, எவரும் காசில்லாமல் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதைத் தாங்கி நிற்பதிலும் பல நாடுகளில் வாழும் தமிழர்களின் பங்களிப்புக்குப் பெரிய இடமுண்டு.

விளம்பரம் போட்டால் என்ன?

“விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாமே, ஆசிரியரே?” என்று வகுப்பில் என்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கான பதில் விக்கிப்பீடியாவின் வரலாற்றிலேயே இருக்கிறது.

2002 பிப்ரவரியில், விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருந்த தன்னார்வலர்கள் கொதித்துப் போனார்கள். காசு வாங்காமல் தாங்கள் உழைத்த உழைப்பை வைத்து வேறொருவர் சம்பாதிப்பதா என்று அவர்களில் பலர் வெளியேறி, செவில்லா பல்கலைக்கழகக் கணினியில் தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கிவிட்டனர். ஸ்பானிய விக்கிப்பீடியா அதிலிருந்து மீள நெடுநாள் பிடித்தது. அதே ஆண்டில் விக்கிப்பீடியா வணிக முகவரியைக் கைவிட்டு, இலாப நோக்கற்ற அமைப்புகள் பயன்படுத்தும் முகவரிக்கு மாறியது.

காசு கொடுப்பவர் யாரோ, அவருக்காகத்தான் ஒரு தளம் வேலை செய்யும். விளம்பரதாரர் கொடுத்தால், உங்களை எவ்வளவு நேரம் திரையில் பிடித்து வைக்கலாம் என்று அது யோசிக்கும். வாசகர் கொடுத்தால், வாசகருக்கு எது பயன்படும் என்று யோசிக்கும்.

அப்படியானால் கட்டாயக் கட்டணம் வைக்கலாமா? அதுவும் சரியில்லை. மாதம் 10 ரிங்கிட் கட்டினால்தான் படிக்கலாம் என்று கதவைச் சாத்தினால், முதலில் வெளியே நிற்பது குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தோட்டப்புறத்தில் வாழும் ஏழை மாணவர்தான். விரும்பித் தரும் சந்தாவில் கதவு திறந்தே இருக்கிறது. முடிந்தவர் தருகிறார். முடியாதவரும் உள்ளே வருகிறார்.

வகுப்பில் விளையாடிப் பாருங்கள்

“யாரும் கட்டாயப்படுத்தாவிட்டால் யார் தருவார்?” என்பது அடுத்த கேள்வி. இதை அறிவியலாளர்கள் ஒரு விளையாட்டாக்கிச் சோதித்திருக்கிறார்கள்.

நான்கு பேர். ஒவ்வொருவர் கையிலும் 20 புள்ளிகள். விரும்பிய அளவைப் பொது உண்டியலில் போடலாம். உண்டியலில் சேர்ந்ததை 1.6ஆல் பெருக்கி, நால்வருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். நால்வரும் 20 புள்ளிகளையும் போட்டால் 80 சேரும். அது 128 ஆகும். ஆளுக்கு 32 கிடைக்கும். எல்லாருக்கும் இலாபம்.

ஒருவர் மட்டும் எதுவும் போடவில்லை என்று வையுங்கள். உண்டியலில் 60தான். அது 96 ஆகி, ஆளுக்கு 24 வரும். போட்ட மூவரிடம் இருப்பது 24. போடாதவரிடம் இருப்பதோ, பழைய 20ஐயும் சேர்த்து, 44! இதைப் பார்த்து மற்றவர்களும் கையை மூடிக்கொண்டால், எல்லாரும் வெறும் 20இல் நின்றுவிடுவார்கள்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெஹ்டர் ஆகிய ஆய்வாளர்கள் இத்தகைய விளையாட்டை மாணவர்களிடம் நடத்தினார்கள். தொடக்கச் சுற்றுகளில் பலரும் தாராளமாகவே போட்டார்கள். சுற்று ஏற ஏற உண்டியலில் விழுவது குறைந்துகொண்டே போனது. ஏன்? எல்லாருமே சுயநலக்காரர்களா?

இல்லை. 2001இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அவர்களும் இன்னோர் ஆய்வாளரும் 44 மாணவர்களிடம் ‘மற்றவர்கள் இவ்வளவு தந்தால் நீ எவ்வளவு தருவாய்?’ என்று கேட்டுச் சோதித்தார்கள். ஏறக்குறைய 30 விழுக்காட்டினர், மற்றவர்கள் எவ்வளவு தந்தாலும் தாம் எதுவும் தரவில்லை. ஆனால் பாதிப் பேர், மற்றவர்கள் தரத்தர தாமும் கூட்டித் தந்தார்கள். 44 பேரை வைத்து உலகத்தையே எடை போட முடியாதுதான். ஆனாலும் இது ஒரு முக்கியமான குறிப்பைத் தருகிறது. ‘மற்றவர் தருகிறார்’ என்று கண்ணால் கண்டால் தரத் தயாராக இருப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். எனவே, ஒரு சமூகம் செய்ய வேண்டிய முதல் வேலை கெஞ்சுவதன்று; கணக்கை வெளியே வைப்பது. எத்தனை பேர் தந்தார்கள், எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது என்பதை எல்லாரும் பார்க்க வேண்டும்.

பத்து வெள்ளி கற்பித்த பாடம்

சிறு தொகையால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களா? உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி உறுப்பினரானார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அது பங்குப் பணம்; நன்கொடை அன்று. என்றாலும், பலரின் சிறு தொகை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள சான்று அது.

பலர் தருவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒருவரே 150 ரிங்கிட் தருகிறார் என்றால், அவர் மனம் மாறும் நாளில் எல்லாமே நின்றுவிடும். 30 பேர் ஆளுக்கு 5 ரிங்கிட் தந்தால், ஒருவர் விலகினாலும் 145 மிஞ்சும். ஒரு பல்பு அணைந்தாலும் மற்றவை எரியும் மின்சுற்றை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கதைதான்.

கொடுத்தவர் கேள்வியும் கேட்க வேண்டும்

கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விக்கிமீடியா இன்று ஏழை அமைப்பும் அன்று. எதிர்காலத்துக்கென அது திரட்டும் நிலை நிதி 2021இல் 10 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. அப்படியிருந்தும், நன்கொடை கேட்கும் அதன் வாசகங்கள் தளமே ஆபத்தில் இருப்பது போன்ற எண்ணத்தைத் தருகின்றன என்று 2022 இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வாசகங்கள் மாறின.

இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. தாங்கி நிற்பவர்கள் உறுப்பினர்கள் என்பதால்தான் அவர்களால் தட்டிக் கேட்க முடிந்தது. உங்கள் காசு குறைவு என்றால், அதிகம் தேவைப்படும் சிறிய தமிழ் முயற்சிகளுக்கு முதலில் கொடுங்கள் என்றும் இதிலிருந்து நான் முடிவு செய்கிறேன்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பள்ளி நிர்வாகத்தின் அனுமதியோடு, உங்கள் அறிவியல் கழகத்தில் ஓர் உண்டியல் வையுங்கள். மாதம் 50 சென். 30 உறுப்பினர்கள் பத்து மாதம் போட்டால் 150 ரிங்கிட். யார் போட்டார், யார் போடவில்லை என்று பெயர் எழுத வேண்டாம். 50 சென்னும் இல்லாத நண்பர் தலைகுனியக் கூடாது. எத்தனை பேர் போட்டார்கள், மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு எண்களை மட்டும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆண்டு இறுதியில் எந்த இணைய முயற்சிக்கு அனுப்புவது என்று கூடிப் பேசி முடிவெடுங்கள். பணத்தைப் பொறுப்பாசிரியர் மூலமே அனுப்புங்கள். போலி நன்கொடைத் தளங்கள் உண்டு. பெற்றோரின் வங்கி அட்டையை அவர்களுக்குத் தெரியாமல் தொடவே கூடாது.

காசு இல்லாதவர் உழைப்பைத் தரலாம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதை ஒருங்கிணைத்தவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் அவர். தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் தன்னார்வலர்கள் தந்த நேரமே அத்திட்டத்தின் மூலதனம். நீங்களும் எண்டாவ் ரொம்பின் காட்டைப் பற்றியோ மூவார் ஆற்றைப் பற்றியோ தமிழ் விக்கிப்பீடியாவில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். விடுபட்டதைச் சான்றோடு சேருங்கள்.

நீங்கள் படித்து மூடிய பக்கத்தைத் தமிழ்ப்பள்ளியில் இப்போது ஆறாம் ஆண்டு படிக்கும் தம்பி தங்கைகள் நாளை திறப்பார்கள். அப்போதும் அது காசில்லாமல், விளம்பரமில்லாமல், தமிழில் திறக்க வேண்டும். அடுத்த கழகக் கூட்டத்தில் இதைப் பேசத் தொடங்குங்கள்.