கோப்புக்குள் உறங்கும் விஞ்ஞானம்

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் கற்கும் எங்களில் எவரிடமும் டெங்கைப் பரப்பும் நுளம்பு எதுவென்று கேட்டுப் பாருங்கள். ஈடிஸ் எஜிப்டை, ஈடிஸ் அல்பொபிக்டஸ் என்று மூச்சு விடாமல் சொல்வோம். அது எந்த நேரத்தில் கடிக்கும் என்பதை எங்கள் வீட்டு உம்மும்மாவுக்குச் சொல்லியிருக்கிறோமா? புள்ளிக்காகப் படித்தது புள்ளியோடு முடிந்து விடுகிறது என்பதே என் மனக்குறை.

2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அடுத்த ஆண்டிலேயே 186,000 இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலேரியாக் காலம் எங்கள் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம், இரவில் நுளம்பு வலை கட்டுவது. அனோபிலிஸ் இரவில் கடிப்பது. ஈடிஸோ பகற்காரி. காலையிலும் மஃரிபுக்கு முந்திய மாலையிலும்தான் அதிகம் கடிக்கும். பகலில் உறங்கும் கைக்குழந்தையை வலை காக்கும். வகுப்பறை வாங்கில் இருக்கும் எங்களைக் காக்காது. பழைய விஞ்ஞானம் வழக்கமாகவே ஆகிவிட்டது, புதியது இன்னும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

சென்ற தவணையில் நாங்கள் நால்வர் ஒரு சிறிய செயற்றிட்டம் செய்தோம். கறுப்பு வர்ணம் பூசிய தயிர்ச் சட்டியில் நீர் விட்டு, உட்புறம் சொரசொரப்பான தாளைச் சுற்றி வைத்தோம். சில நாட்களில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மிளகுத்தூள் ஒட்டியதுபோல் முட்டைகள். அந்தத் தாளை உலர்த்தி மூன்று வாரம் வைத்திருந்து, மூடிய போத்தலில் மீண்டும் நீரிலிட்டபோது குடம்பிகள் நெளிந்தன. (பயப்பட வேண்டாம், டீச்சர் முன்னிலையில் கொதிநீர் ஊற்றி அழித்துவிட்டோம்.) அறிக்கை 22 பக்கம். ஒப்பம் கிடைத்தது, கோப்பு அலுமாரிக்குப் போனது.

பெற்றார் தினத்தில் இதை மேசையில் வைத்து விளக்கச் சொன்னார்கள். எங்களுக்கு உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது. உலர்ந்த முட்டை பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்றதும் ஓர் உம்மா கேட்டார்:

"அப்ப மகள், தண்ணியக் கொட்டினா மட்டும் போதாதா?"

போதாது. பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நோக்கம், முறை, அவதானம், முடிவு என்று நாங்கள் எழுதும் அறிக்கை வடிவத்தில் இந்த ஒரு வரிக்கு இடமே இல்லை.

இன்னொருவர் பப்பாசி இலைச் சாறு பற்றிக் கேட்டார். "அது பொய்" என்று தள்ளுவது எளிது, ஆனால் நேர்மையல்ல. குருதிச் சிறுதட்டுகள் விரைவாக ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டெங்கு நோயாளர் பெரும்பாலானோரில் அவை சில நாட்களில் தாமாகவே ஏறத் தொடங்கும். சாறு குடிக்காத குழுவோடு ஒப்பிடாமல் எதனால் ஏறியது என்று எப்படிச் சொல்வது? சாற்றை நம்பி வைத்தியசாலைக்குப் போகத் தாமதிப்பதுதான் பயம். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் சிலருக்குக் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து ஆபத்தாகிறது; வீட்டாரோ "சுகமாகிவிட்டது" என்று நினைக்கும் வேளை அது. அஸ்பிரின், இபுபுரூபன் கொடுக்கக் கூடாது, பரசிட்டமோல் மட்டுமே என்பதையும் அன்று பலமுறை சொன்னோம்.

"டியூஷனுக்கே நேரம் போதாது, பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சில பெற்றார் கேட்பது எனக்குத் தெரியும். ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை என்பது குறிப்புக் கொப்பியில் மூன்று முறை எழுதியபோது விளங்கியதைவிட, அந்த உம்மாவுக்குப் பதில் சொன்னபோது எனக்கு நன்றாக விளங்கியது. பரீட்சைக்கும் அது நட்டமில்லையே!

என் யோசனை சிறியது. ஒவ்வொரு செயற்றிட்டத்தோடும் இலகு தமிழில் ஒரு பக்கம் சேரட்டும். அதற்குப் புள்ளியிடுபவர் டீச்சர் அல்ல, விஞ்ஞானம் படிக்காத ஒரு தாய். வாசித்துவிட்டு, விளங்கியதைத் தன் வாயால் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறினால் திருத்தி எழுத வேண்டியவர்கள் நாங்கள். அடுத்த தவணைச் செயற்றிட்டங்களுக்குத் தலைப்புக் கொடுக்கும் முன்பே பாடசாலை இதைத் தீர்மானித்தால் நல்லது.